மின்னிலக்கக் கையொப்பமும் ‘எனின்’ என்னும் சொல்லும்

மலேசிய நாடாளுமன்றம் 1997-ஆம் ஆண்டில் மின்னிலக்கக் கையொப்பச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் 1998 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1995-இல் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது; அதன் பின் இரண்டே ஆண்டுகளில் நம் நாடும் அவ்வழியில் அடியெடுத்து வைத்தது. நம் சட்டத்தின் 62-ஆம் பிரிவு மூன்றினை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. சட்டத்திற்கு இணங்க இடப்படும் மின்னிலக்கக் கையொப்பம், கையால் எழுதிய கையொப்பத்திற்கும், பெருவிரல் ரேகைக்கும், வேறெந்த அடையாளக் குறிக்கும் நிகராக ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்பது அதன் பொருள்.

பெருவிரல் ரேகையைப் பற்றிக் கெடாவில் வாழும் நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் எழுதப் படிக்க வாய்ப்பின்றி உழைத்த நம் முன்னோர் பலர் கைநாட்டு வைத்தே சம்பளம் பெற்றனர். அந்த ரேகை அவர்களுடையதே என்பதில் ஐயமில்லை. ஆனால், தாளில் எழுதியிருந்ததைக் கிராணி அவர்களுக்குப் படித்துக் காட்டினாரா, எழுதிய தொகை முழுமையாகக் கைக்கு வந்ததா என்னும் வினாக்களுக்கு ரேகை விடை கூறாது. ரேகை மெய்ப்பிப்பது ஒன்று. அதனைக் காட்டிப் பிறர் கோருவது மற்றொன்று.

மின்னிலக்கக் கையொப்பத்திலும் இவ்விடைவெளி உண்டு. ‘இம்முறை பாதுகாப்பானது எனக் கணித வழியில் நிறுவப்பட்டது’ என்னும் தொடரை இன்று நாம் அடிக்கடி காண்கிறோம். அத்தொடர் பொய்யன்று. ஆனால் அது முழு வாக்கியமும் அன்று. கணித நிறுவல் ஒவ்வொன்றும் ‘எனின்’ என்னும் சொல்லோடு கூடிய நிபந்தனை வாக்கியம். அச்சொல் எங்கே உதிர்கிறது, உதிர்ந்தால் யாருக்கு இழப்பு என்பதைப் பள்ளிக் கணிதத்தின் துணைகொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

1. கையொப்பம் இயங்கும் முறை

மின்னிலக்கக் கையொப்பம் என்பது கையெழுத்தின் படமன்று, ஓர் எண். அதனை உருவாக்க ஒரு மறைச்சாவியும், சரிபார்க்க ஒரு பொதுச்சாவியும் வேண்டும். மறைச்சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும். பொதுச்சாவியை எவரும் பெறலாம்.

ரைவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977-இல் கண்டறிந்த ஆர்.எஸ்.ஏ. முறையைச் சிறிய எண்களில் செய்து பார்க்கலாம். 3, 11 என்னும் இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. பொதுச்சாவி 33-உம் 3-உம்; மறைச்சாவி 7. செய்தி 2 எனக் கொள்வோம். கையொப்பமிடுபவர் 2-ஐ ஏழு முறை பெருக்கி 128 பெறுகிறார். அதனை 33-ஆல் வகுக்க மீதி 29. இதுவே கையொப்பம். சரிபார்ப்பவர் 29-ஐ மும்முறை பெருக்கி 33-ஆல் வகுக்கிறார். மீதி 2 வருகிறது, கையொப்பம் செல்லும்.

இங்கே 33-ஐக் காரணிப்படுத்தத் தெரிந்த எவரும் மறைச்சாவியைக் கண்டுவிடுவர். நடைமுறையில் 33-க்குப் பதிலாக அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் பயன்படுகிறது. அத்தகைய எண்ணைக் காரணிப்படுத்த இன்றைய கணினிகளால் இயலவில்லை. முறையின் வலிமை இதனைச் சார்ந்தே நிற்கிறது.

2. போலி என்பதை வரையறுத்தல்

காரணிப்படுத்துவது கடினம், ஆகவே போலிக் கையொப்பம் இயலாது என்று முடிவு செய்யலாமா? கரும்பலகையில் இன்னொரு கணக்கைப் போடுவோம். 2-க்குக் கையொப்பம் 29 எனக் கண்டோம். அவ்வாறே 3-க்குக் கையொப்பம் 9. இவ்விரண்டையும் பார்த்த ஒருவர் 29-ஐயும் 9-ஐயும் பெருக்கி 261 பெறுகிறார்; 33-ஆல் வகுக்க மீதி 30. இனி 30-ஐ மும்முறை பெருக்கி 33-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 6. அதாவது, உரியவர் ஒருபோதும் காணாத 6 என்னும் செய்திக்குச் செல்லுபடியாகும் கையொப்பம் பிறந்துவிட்டது. இதனைச் செய்தவருக்கு மறைச்சாவியான 7 தெரியாது. அவர் 33-ஐக் காரணிப்படுத்தவும் இல்லை.

பூட்டு உடையவில்லை, ஆயினும் கதவு திறந்தது. ஆகவே, ‘எதிரி எதைச் செய்தால் தோல்வி?’ என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். கோல்ட்வாசர், மிக்காலி, ரைவெஸ்ட் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அவ்வரையறையைத் தந்தது. எதிரி தான் விரும்பும் செய்திகளுக்கெல்லாம் உரியவரிடமே கையொப்பம் பெறலாம். அதன் பின்னும், கையொப்பம் பெறாத ஒரு புதிய செய்திக்குத் தானே கையொப்பம் உருவாக்க இயலக் கூடாது. இன்றுவரை இத்துறையின் அளவுகோல் இதுவே.

வரையறை ஏன் இத்துணை இன்றியமையாதது என்பதைத் தோட்டத்துப் பால் நிறுக்கும் கொட்டகை நமக்கு உணர்த்தும். தராசு பாலின் எடையைப் பிழையின்றிக் காட்டும். பாலில் நீர் கலந்திருப்பினும் அதன் எடையையும் பிழையின்றியே காட்டும். தராசில் குற்றமில்லை, ‘எடை எவ்வளவு?’ என்னும் வினாதான் போதவில்லை. ஆகவேதான் பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவையும் தனியே அறிய வேண்டியதாயிற்று. பாதுகாப்பு நிறுவலும் கேட்ட வினாவுக்கே விடை தரும்.

3. நிறுவலின் அமைப்பு

இத்துறையில் நிறுவல் என்பது பெரும்பாலும் ‘குறைப்பு’ என்னும் உத்தி. பள்ளியில் நாம் கற்பிக்கும் முரண்பாட்டு முறைக்கு இது நெருங்கிய உறவு. கையொப்பத்தைப் போலியாக்க வல்ல ஓர் எதிரி இருப்பதாகக் கொள்வோம். அவனைக் கருவியாகக் கொண்டு, உலகம் கடினமெனக் கருதும் ஒரு கணக்கைத் தீர்த்துக் காட்டுவோம். அக்கணக்கு மெய்யாகவே கடினம் எனின், அத்தகைய எதிரி இருக்க இயலாது.

இது வலிமையான வாதம். பல கையொப்ப முறைகளின் பாதுகாப்பு நன்கு ஆராயப்பட்ட சில கணக்குகளோடு பிணைக்கப்படுவதால், அறிஞர்கள் அந்தச் சில கணக்குகளிலேயே கவனத்தைக் குவிக்க இயலுகிறது. நிறுவல் இல்லாத முறையைக் காட்டிலும் நிறுவல் உள்ள முறை மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மேற்கண்ட வாதத்தில் ‘எனின்’ வந்த இடத்தைக் கவனித்தல் வேண்டும்.

4. கடினம் எனின்

பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்று இதுவரை எவரும் நிறுவியதில்லை. எளிய வழியை எவரும் காணவில்லை என்பதே நம் கையிலுள்ள சான்று. ஆர்.எஸ்.ஏ. கணக்கைத் தீர்ப்பதும் காரணிப்படுத்துவதும் ஒரே அளவு கடினம் என்றுகூட நிறுவப்படவில்லை. மேலும், குவாண்டம் கணினி பேரளவில் உருவானால் காரணிப்படுத்தல் எளிதாகிவிடும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார்.

குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய முறைகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஒரு போட்டியை நடத்தியது. அதன் இறுதிச் சுற்றுவரை வந்த கையொப்ப முறைகளுள் ஒன்று ‘ரெயின்போ’. 2022-இல் வார்ட் பெயுலன்ஸ் என்னும் ஆய்வாளர், அதன் ஓர் அளவுத்தொகுதியை ஒரே மடிக்கணினியைக் கொண்டு ஒரு வார இறுதியில் முறித்தார். பல ஆண்டுகள் ‘கடினம்’ எனக் கருதப்பட்ட அடிக்கல் இரண்டு நாளில் பெயர்ந்தது.

5. குறிசொல்லி எனின்

முன்பு கண்ட பெருக்கல் போலியைத் தடுக்க, செய்தியை நேரடியாகக் கையொப்பமிடாமல் முதலில் ‘ஹேஷ்’ எனப்படும் சுருக்கச் சார்பினுள் செலுத்துவர். எவ்வளவு நீண்ட செய்தியையும் அது குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கும். 2-இன் சுருக்கத்தையும் 3-இன் சுருக்கத்தையும் பெருக்கினால் 6-இன் சுருக்கம் வராது; எனவே போலி பலிக்காது.

ஆனால் நிறுவல் எழுதும்போது ஓர் இடர் எழுகிறது. மெய்யான சுருக்கச் சார்பு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணிதத்தில் முழுவதும் பிடித்து வைப்பது அரிது. ஆகவே பெல்லாரேயும் ரோகவேயும் 1993-இல் ஓர் இலட்சியக் கருவியைக் கற்பித்தனர். அதற்குச் ‘சமவாய்ப்புக் குறிசொல்லி’ என்று பெயரிடலாம். எக்கேள்வி கேட்டாலும் முற்றிலும் சமவாய்ப்பான ஒரு விடையைத் தரும். அதே கேள்வியை மீண்டும் கேட்டால் அதே விடையைத் தரும். சுருக்கச் சார்பு இத்தகைய குறிசொல்லி எனின், கையொப்பம் பாதுகாப்பானது என நிறுவலாம்.

உலகில் அத்தகைய குறிசொல்லி இல்லை. இருப்பது ஒரு நிரல். அதன் ஒவ்வோர் அடியும் எவருக்கும் தெரியும். கனெட்டி, கோல்ட்ரைக், ஹலேவி ஆகியோர் 1998-இல் இவ்விடைவெளியைத் தெளிவாகக் காட்டினர். குறிசொல்லி உலகில் பாதுகாப்பானது என நிறுவத்தக்கதும், எந்த மெய்யான சுருக்கச் சார்பை வைத்தாலும் உடைவதுமான ஒரு கையொப்ப முறையை அவர்கள் அமைத்தனர். அது இதனை மெய்ப்பிப்பதற்கென்றே வேண்டுமென்று அமைக்கப்பட்ட முறைதான். நடைமுறையிலுள்ள முறைகள் அதனால் வீழவில்லை. ஆயினும், குறிசொல்லி உலகில் எழுதிய நிறுவல் நம் உலகிற்குத் தானாகவே பொருந்தாது என்பது அன்றே உறுதியாயிற்று.

6. எவ்வளவு என்னும் வினா

நிறுவலில் ‘ஆம், இல்லை’ என்னும் விடை மட்டும் போதாது, ‘எவ்வளவு?’ என்பதையும் கேட்டல் வேண்டும். ஆர்.எஸ்.ஏ. முறையைச் சுருக்கச் சார்புடன் இணைத்த ஒரு வடிவத்திற்குப் பெல்லாரேயும் ரோகவேயும் தந்த நிறுவலில் ஒரு தேய்மானம் இருந்தது. எதிரி தன் கணினியில் நூறு கோடி முறை சுருக்கம் கணக்கிட்டால், நிறுவல் தரும் உறுதி நூறு கோடியில் ஒரு பங்காகக் குறையும். நிறுவல் பொய்யாகிவிடவில்லை, ஆனால் அது காக்கும் அளவு சுருங்கிவிட்டது. 1996-இல் அவர்களே இத்தேய்மானம் ஏறத்தாழ இல்லாத வேறொரு முறையை முன்வைத்தனர். முந்தைய வடிவத்தின் தேய்மானத்தை 2000-இல் கொரோன் பெரிதும் குறைத்தார்.

நீள்வட்ட வளைவு மறையீட்டை 1985-இல் கண்டறிந்த இருவருள் ஒருவரான கோப்லிட்ஸ், மெனசிஸ் என்பாருடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கடிந்துரைத்தார். சாவியின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் பலரும் இத்தேய்மானத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ‘நிறுவப்பட்டது’ என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர் என்பது அவர்களின் குறை. 2011-இல் இந்திய ஆய்வாளர்களான சஞ்சித் சட்டர்ஜி, பலாஷ் சர்க்கார் ஆகியோர் மெனசிஸுடன் இணைந்து இக்கருத்தை மேலும் வலுப்படுத்தினர். மறையீட்டின் சில இடங்களில் அத்தேய்மானம் ஏட்டளவினதன்று. அதற்கு நேரான தாக்குதல் மெய்யாகவே உண்டு என்று அவர்கள் காட்டினர்.

7. வரையறைக்கு வெளியே நிற்பவை

ஒரு சிறுகதைப் போட்டியை எண்ணிப் பார்ப்போம். எழுத்தாளர் ஒருவர் தம் கதையில் பெயரை எழுதாது, மின்னிலக்கக் கையொப்பம் மட்டும் இட்டு அனுப்புகிறார். வேறொருவர் அக்கையொப்பத்தைத் தொடுவதே இல்லை. மாறாக, அதே கதையும் அதே கையொப்பமும் சரியாகப் பொருந்தும்படி தமக்கெனப் புதிய சாவி இணையை உருவாக்கி, ‘இக்கதை என்னுடையது, என் பொதுச்சாவியால் சரிபாருங்கள்’ என்கிறார். சில கையொப்ப முறைகளில் இது இயலும் என்பதைப் பிளேக்-வில்சனும் மெனசிஸும் 1999-இல் காட்டினர். 1988-ஆம் ஆண்டு வரையறையில் இதற்கு இடமே இல்லை. அது பொதுச்சாவி ஒன்றே எனக் கொண்டு, புதிய செய்திக்குப் போலி பிறக்குமா என மட்டும் கேட்டது. தராசிடம் நீரைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இன்னொன்று, கையொப்பமிடும் கருவியின் நடத்தை. நீள்வட்ட வளைவுக் கையொப்பத்தில் ஒவ்வொரு முறையும் புதிய இரகசிய எண் ஒன்றைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கான நிரல்களில் அவ்வெண் மாறாமலே இருந்ததை 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஆய்வுக் குழு ஒன்று வெளிப்படுத்தியது. விளைவைப் புரிந்துகொள்ள இடைநிலைப்பள்ளிக் கணிதமே போதும். மறைச்சாவி x, இரகசிய எண் k எனக் கொள்வோம். எளிமையாக்கிய வடிவில் இரு கையொப்பங்கள் k + 3x = 41, k + 8x = 76 என்னும் சமன்பாடுகளைத் தருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 5x = 35; x = 7. மறைச்சாவி வெளியே வந்துவிட்டது. k ஒவ்வொரு முறையும் வேறாக இருந்திருந்தால், சமன்பாட்டிற்கு ஒரு புதிய தெரியாத எண் சேர்ந்துகொண்டே போகும், தீர்வு கிட்டாது. ‘எண் ஒவ்வொரு முறையும் புதிது எனின்’ என்பது ஏட்டில் இருந்தது, கருவியில் இல்லை.

8. நம் நாட்டில் 2011-இல் நிகழ்ந்தது

பொதுச்சாவி இன்னாருடையது என்று உறுதி கூறுவது சான்றிதழ். அதனை வழங்கச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட், 512 பிட் நீளமே கொண்ட வலுவற்ற சாவிகளுக்கு 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது 2011 நவம்பரில் வெளியாயிற்று. 512 பிட் என்பது 155 இலக்க எண். அவ்வளவு பெரிய எண்ணைப் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று 1999 ஆகஸ்டிலேயே காரணிப்படுத்திக் காட்டிவிட்டது. இதனை அடுத்து மைக்ரோசாப்ட், மொசில்லா ஆகியவை அந்நிறுவனச் சான்றிதழ்களின் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன.

அதே மாதத்தில் எஃப்-செக்யூர் என்னும் பாதுகாப்பு நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. தீங்கு செய்யும் நிரல் ஒன்று, ‘மார்டி’ எனப்படும் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகத்தின் பெயரிலான சான்றிதழைக் கொண்டு கையொப்பமிடப்பட்டிருந்தது. அச்சான்றிதழ் களவு போனது என மலேசிய அதிகாரிகள் தெரிவித்ததாகவும் அந்நிறுவனம் எழுதியது. நெற்களஞ்சியமான கெடாவின் வயல்களில் விளைந்த எம்.ஆர். 219 போன்ற நெல் வகைகளை உருவாக்கிய கழகம் அது. அதன் பெயரில் ஒரு கையொப்பம் உலவியது. கணிதப்படி அது சரியாகவும் இருந்தது. ஆயினும் கழகம் அதனை இடவில்லை.

இங்கே எந்தத் தேற்றமும் பொய்க்கவில்லை. ‘எண் போதிய அளவு பெரிது எனின்’, ‘மறைச்சாவி உரியவரிடமே உள்ளது எனின்’ என்னும் நிபந்தனைகளே பொய்த்தன. நிறுவலின் எல்லைக்கு உள்ளே அனைத்தும் ஒழுங்காக இருந்தன. தீங்கு எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது.

9. நிறுவலை எழுதுவோரும் மனிதரே

சில வேளைகளில் நிறுவலிலேயே பிழை இருப்பதும் உண்டு. குவாண்டம் காலத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரமாக வெளியான கையொப்ப முறை ‘டைலித்தியம்’ என்பதிலிருந்து பிறந்தது. அவ்வகை முறைகளுக்கு எழுதப்பட்டிருந்த நிறுவலில் ஒரு விரிசல் உள்ளதை ஆய்வாளர்கள் 2023-இல் கண்டனர். அவர்களே அதனைச் செப்பனிட்டனர். செப்பனிட்டதைக் கணினியைக் கொண்டும் சரிபார்த்தனர். முறை வீழவில்லை. எனினும், பல அறிஞர் கண்கள் கடந்த பக்கங்களில் அவ்விரிசல் ஆண்டுக்கணக்கில் இருந்தது.

தமிழகத்திலும் இத்தகைய பணி நடந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சி. பாண்டுரங்கன், சர்மிளா தேவசெல்வி, ஸ்ரீ விவேக் ஆகியோர், கையொப்பத்தையும் மறையீட்டையும் ஒருங்கே செய்யும் முறைகளை ஆராய்ந்தனர். முன்னரே வெளியாகியிருந்த மூன்று முறைகளில் பாதுகாப்புக் குறைகள் உள்ளதை 2009-இல் எடுத்துக்காட்டி, மாற்று முறை ஒன்றையும் முன்வைத்தனர். பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்து ஐயுறுவதும் ஆராய்ச்சியே. அது அழிவு வேலையன்று.

10. நாம் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் அறிஞர்களுக்கு மட்டும் உரிய செய்திகள் எனக் கருதுதல் தகாது. நம் ஆசிரியர் பலர் ஆண்டுதோறும் வருமான வரி அறிக்கையை மின்வழி அனுப்புகின்றனர். அதன் பின்னணியில் இயங்குவது மின்னிலக்கச் சான்றிதழே. கடன் பத்திரமும் வேலை ஒப்பந்தமும் இவ்வழியில் வருகின்றன. நாளை ஒருவர், ‘இது நான் இட்ட கையொப்பமன்று’ என்று கூறும் நிலை வரலாம். அப்போது, ‘இம்முறை பாதுகாப்பானது எனக் கணிதம் நிறுவிவிட்டது, ஆகவே நீரே இட்டீர்’ என்று வாதிடுவோரும் இருப்பர். அன்று கைநாட்டைக் காட்டி வாயடைத்ததற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. ‘போலி உருவாக்குதல் அரிது’ என்னும் தேற்றத்திலிருந்து ‘இவரே இட்டார்’ என்னும் முடிவுக்குச் செல்ல இடையில் பல படிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும்.

ஆகவே ‘நிறுவப்பட்டது’ என்னும் சொல்லைக் காணும்போது ஐந்து வினாக்களை எழுப்பலாம். எக்கணக்கு கடினம் எனக் கொள்ளப்பட்டது? எவ்வகை இலட்சிய உலகில் நிறுவல் எழுதப்பட்டது? தேய்மானம் எவ்வளவு? எதிரி எதைச் செய்தால் தோல்வி என வரையறுக்கப்பட்டது? கருவியும் சாவியும் நிறுவல் எண்ணியவாறே உள்ளனவா? இவற்றுக்கு நல்ல விடை கிடைப்பின் அம்முறையை நாம் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பல முறைகளுக்கு அத்தகைய விடைகள் உண்டு. நிறுவலின் எல்லையை அறிதல் நிறுவலை இகழ்வதாகாது. வேலியின் நீளம் அறிந்தவரே தோட்டத்தைக் காக்க வல்லார்.

வகுப்பறையில் இதனைக் கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தே கற்பிக்கலாம். 33 என்னும் எண்ணைக் கொண்டு மாணவர் கையொப்பமிட்டுப் பார்க்கட்டும். பின் பெருக்கல் வழியில் போலியை உருவாக்கிப் பார்க்கட்டும். அடுத்து, செய்தித்தாளிலோ விளம்பரத்திலோ ‘நிறுவப்பட்டது’, ‘உறுதி செய்யப்பட்டது’ என வரும் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதில் மறைந்துள்ள ‘எனின்’ தொடரை எழுதிச் சேர்க்கட்டும். எனின், ஆயின், ஆனால் என நிபந்தனைக்குத் தமிழில் சொற்கள் பல உள்ளன. அவற்றை உரிய இடத்தில் விடாது எழுதுவது இலக்கண ஒழுங்கு மட்டுமன்று. எளியவர் ஒருவரின் பெயர் பிறர் கையில் அகப்படாது காக்கும் ஒழுங்கும் ஆகும்.